அக்கரையில் நின்றால் எங்கள் யன்னல் தெரியும்

வெஸ்ற் நியூயோர்க் என்ற ஊர் நியூயோர்க்கில் இல்லை. போகும்வரை எனக்கும் இது தெரியாது. நியூஜேர்சி மாநிலத்தில், ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில், செங்குத்தான ஒரு பாறையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது அது. உலகத்துக்கெல்லாம் தெரிந்த நியூயோர்க் ஆற்றுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கத்து ஊர் ஒரு சதுர மைல்தான் இருக்கும். அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்பவர்களில் பெரும்பாலானோர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். முதலில் கியூபாவிலிருந்து வந்தவர்கள், அவர்களுக்குப் பின்னால் தெற்கே இருக்கிற மற்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு நடுவே, ஒரு குறுக்குத் தெருவில், மூன்று மாடிச் செங்கல் கட்டடத்தில் என் அக்கா குடும்பம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆகஸ்ட் மாதம் ரொறன்ரோவிலிருந்து அங்கே போனேன். ஊர் பார்க்கப் போகவில்லை. ஒரு பிள்ளையைக் கூட்டி வரப் போனேன்.

விடயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கும் என் கணவருக்கும் பிள்ளைகள் இல்லை. ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாறாவது மாடியில் இரண்டு அறை வீடு எங்களுடையது. ஓர் அறை சும்மா கிடந்தது. அக்கா பிலோமினாவுக்கு இரண்டு பிள்ளைகள். இளையவன் இன்னும் பால்போத்தலை விடாதவன். மூத்தவள் அனிற்றாவுக்குப் பத்து வயது. அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் ஏதோ படிவம் கொடுத்திருக்கிறார்கள். 'வீட்டில் பேசும் மொழி' என்ற இடத்தில் அனிற்றா தானே 'ஸ்பானிஷ்' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அதைக் கண்ட அன்று அக்கா ரெலிபோனில் அழுதாள். அழுது முடித்துவிட்டு, "நீ கொண்டுபோய் வளர். உன்னட்டை எண்டால் தமிழ்ப் பிள்ளையா வளருவாள்" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ரெலிபோனை வைப்பதற்கு முன்பே அந்த அறைக்கு என்ன நிறத்தில் திரைச்சீலை போடுவது என்று யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் இது புதிய விடயமில்லை. பிள்ளை இல்லாத தங்கச்சியிடம் அக்காவின் பிள்ளை வளர்வது வழக்கம்தான். சின்னம்மா என்றால் அவளும் ஓர் அம்மாதானே. அதோடு இன்னொரு வழக்கமும் எங்களிடம் உண்டு. பெரிய முடிவுகளைப் பெரியவர்கள் குசினிக்குள் வைத்து எடுத்துவிடுவோம், பிள்ளைகளுக்குக் கடைசியில்தான் சொல்வோம். அனிற்றாவுக்குச் சொல்லியிருந்தது, சின்னம்மா வீட்டுக்கு லீவில் போகிறாய் என்பது மட்டும்தான். பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரத்தில் மெல்லச் சொல்லலாம் என்பது அக்காவின் திட்டம். நானும் ஓம் என்றேன். அது பிழை என்று அப்போது எனக்குப் படவே இல்லை.

என் கணவர் பாண் பேக்கரி ஒன்றில் வேலை செய்கிறார். அதிகம் பேசாத மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து பெட்டியில் கட்டில் ஒன்றைக் கொண்டுவந்து, நாள் முழுவதும் நிலத்தில் குந்தியிருந்து பூட்டினார். எல்லாம் பூட்டி முடிந்த பிறகு இரண்டு ஸ்குறூ மிஞ்சியது. எங்கே பூட்டாமல் விட்டார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கையால் அழுத்தினால் கட்டில் இலேசாக ஆடியது.

நான் சனிக்கிழமைகளில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தள அறையில் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். பன்னிரண்டு பிள்ளைகள். அந்த வகுப்பு இடாப்பில் பதின்மூன்றாவதாக அனிற்றாவின் பெயரை எழுதினேன். நான்கு கொப்பிகள் வாங்கி, பிறவுண் பேப்பரில் உறை போட்டு, பெயர், வகுப்பு, விலாசம் எல்லாம் எழுதி ஒட்டினேன். விலாசம் எங்களுடைய விலாசம். பள்ளிக்கூடம் தொடங்க முன்னமே கொப்பிக்கு உறை போட்டு வைக்காவிட்டால் எங்கள் ஆட்களுக்கு நித்திரை வராது.

வகுப்பில் அப்போது ஒரு புத்தகம் செய்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊரைப் பற்றி எழுதவேண்டும். பன்னிரண்டு பேரும் தாங்கள் கண்ணால் காணாத, தகப்பனின் ஊரை எழுதிக்கொண்டு வந்தார்கள். பன்னிரண்டு கட்டுரையிலும் பனைமரம் இருந்தது. பனங்காய் ஆளுக்கு ஆள் வேறு வேறு நிறம். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அனிற்றாவிடமும் ரெலிபோனில், உன் ஊரைப் பற்றி ஒன்று எழுதி வை, இங்கே வந்து வாசிக்கலாம் என்று சொல்லியிருந்தேன். நாங்கள் பிறந்த பாசையூர் பற்றி அக்கா சொல்லிக் கொடுப்பாள் என்பது என் எண்ணம்.

எல்லையில் ஓர் அதிகாரி என் பையைத் திறந்து, வறுத்து இடித்த மிளகாய்த்தூள் பக்கெற்றை முகர்ந்து பார்த்தார். ஐந்து தரம் தும்மினார். அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நியூயோர்க் பஸ் நிலையத்திலிருந்து அக்கா வீட்டுக்குச் சின்ன வான் ஒன்றில் போகவேண்டும். அக்கா வேலையில் நின்றதால் தனியாகத்தான் ஏறினேன். ரொறன்ரோ பழக்கத்தில் சாரதியிடம், அடுத்த பஸ்சுக்கும் செல்லுபடியாகிற ட்ரான்ஸ்ஃபர் ரிக்கெற் கேட்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வானொலியின் சத்தத்தைக் கூட்டினார். வான் ஆற்றுக்கு அடியால் போகும் சுரங்கத்தைக் கடந்து, பாறை மேல் ஏறி, கடைத்தெரு வழியே ஓடியது. மணிக்கயிறு எங்கே என்று தேடினேன். கயிறு இல்லை. இறங்க வேண்டியவர்கள் "எஸ்கினா!" என்று கத்தினார்கள். மூலையில் நிறுத்து என்று அர்த்தமாம். சாரதி பிரேக்கை அழுத்த, எல்லோரும் ஒருமுறை முன்னால் சாய்ந்து நிமிர்ந்தார்கள்.

எனக்கு இறங்கும் இடம் தெரிந்தது. வாய்தான் திறக்கவில்லை. பன்னிரண்டு பேர் இருக்கிற வண்டியில் ஒரு பொம்பிளை கத்துவதா என்று ஒரு கூச்சம். யாராவது அந்த மூலையில் இறங்குவார்கள் என்று பார்த்திருந்தேன். ஒருவரும் இறங்கவில்லை. வான் ஓடி ஓடி, பெரிய பாலத்துக்குக் கிட்ட கடைசித் தரிப்பில் போய் நின்றது. மடியில் கேக் பெட்டி வைத்திருந்த ஒரு முதியவர் என் முகத்தைப் பார்த்தே விடயத்தை விளங்கிக்கொண்டார். திரும்பிப் போகும் வானில் என்னை ஏற்றி, சாரதியிடம் ஏதோ சொன்னார். வானில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் மூலை வந்ததும் எல்லோரும் சேர்ந்து எனக்காகக் கத்தினார்கள்.

வாசல் படியில் அனிற்றா இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி வந்து கன்னத்தில் ஒரு முத்தம் தந்தாள். அவள் பேசியது ஆங்கிலத்தில்தான். தமிழ் விளங்கும், பேச வராது. இங்கே அவள் சொல்வதை நான் தமிழாக்கித்தான் தருகிறேன். கொப்பிகளைக் கொடுத்தேன். நன்றி சொல்லி, உறையின் மடிப்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்தாள். ஒட்டியிருந்ததை வாசிக்கவில்லை.

அந்தத் தெருவுக்கும் எங்கள் சென் ஜேம்ஸ் ரவுணுக்கும் சனம் நெருக்கம் ஒன்றுதான். எங்களுக்கு அது மேலே மேலே அடுக்கியிருக்கிறது. லிஃப்ற்றில் முகத்துக்கு முகம் நின்றாலும் மாடி எண்ணைத்தான் பார்ப்போம். இங்கே எல்லோரும் பின்னேரமானால் கதிரையைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக்கு வந்துவிடுகிறார்கள். ஒரு வீட்டுப் பிள்ளைக்கு இன்னொரு வீட்டில் சாப்பாடு. கைகழுவு என்று மூன்றாவது வீட்டிலிருந்து ஒரு குரல்.

இரண்டாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், கீழ்வீட்டு மிர்த்தா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டா. அறுபது வயதிருக்கும். கியூபாவிலிருந்து வந்து, எம்ப்ரொய்டரி தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவ. அக்கா வேலைக்குப் போகும் நாட்களில் அனிற்றாவை இரண்டு வயதிலிருந்து பார்த்து வளர்த்தது அவதான். அவவுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு, எனக்கு ஸ்பானிஷ் சுத்தமாக இல்லை. நடுவில் அனிற்றா கதிரை நுனியில் இருந்துகொண்டு அங்கும் இங்குமாக மொழிபெயர்த்தாள்.

மேசையில் சோறு, கறுத்த அவரை, வாழைப்பழப் பொரியல். அதற்கு நடுவே ஆவி பறக்க ஒரு கோப்பை மரவள்ளிக்கிழங்கு. உள்ளியும் தேசிக்காய்ப் புளியும் எண்ணெயும் தாளித்து ஊற்றியிருந்தா. அதற்கு அவர்கள் யூக்கா என்கிறார்கள். யார் என்ன பெயர் சொன்னாலும் அது மரவள்ளிதான். மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன். சமைக்கிற இடத்தை எங்கள் பக்கத்தில் குசினி என்போம் என்று சொன்னபோது, தாங்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்வோம் என்று மிர்த்தா என் கையில் தட்டினா.

சாப்பாடு முடிகிற நேரம் மிர்த்தா ஒரு போத்தலைத் திறந்து அனிற்றாவுக்கு ஊற்றிக் கொடுத்தா. பிள்ளை வாயில் வைக்கப் போனாள். போத்தலில் எழுதியிருந்ததை அப்போதுதான் வாசித்தேன். ஜிஞ்சர் ஏல். பாய்ந்து கிளாசைப் பறித்தேன். பாதி மேசை விரிப்பில் ஊற்றுண்டது.

ஜிஞ்சர் ஏல் என்றால் இஞ்சிச் சோடா. மரவள்ளியோடு இஞ்சி சேர்ந்தால் நஞ்சு. யாழ்ப்பாணத்தில் இதைத் தெரியாத வீடு இல்லை. மரவள்ளி அவித்த அன்று இஞ்சி இருக்கிற இடத்தைக்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டோம். மிர்த்தா திகைத்துப் போய் நின்றா. நான் தமிழும் ஆங்கிலமும் கலந்து சொல்ல, அனிற்றா வெட்கத்தோடு மொழிபெயர்த்தாள். மிர்த்தா கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. எட்டு வருடமாகச் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை இரண்டையும் சேர்த்துத்தான் கொடுத்து வருகிறாவாம், பிள்ளை எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறாள் பார் என்றா. நானும் சிரித்தேன். ஆனாலும் கிளாசைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

சிரித்து வந்த கண்ணீரை அப்ரனில் துடைத்துவிட்டு, மிர்த்தா குரலைத் தணித்து என்னைப் பார்த்து ஏதோ கேட்டா. அனிற்றா மொழிபெயர்க்கவில்லை. கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மொழிபெயர்ப்பது அவள் வேலை என்பதால் மிர்த்தா திரும்பவும் கேட்டா. பிள்ளை நிமிர்ந்து, கடைப் பற்றுச்சீட்டை வாசிப்பவள் மாதிரிச் சொன்னாள்.

"என்னை எந்த நாள் கொண்டுபோகப் போகிறீர்கள் என்று மிர்த்தா கேட்கிறா. என் உடுப்பு எல்லாவற்றுக்கும் உங்கள் பெட்டி காணாதாம். பெரிய பெட்டி தன்னிடம் இருக்கிறதாம்."

அக்கா மிர்த்தாவிடம் சொல்லியிருக்கிறாள். செப்ரெம்பரிலிருந்து பிள்ளையைப் பார்க்கத் தேவையில்லை என்று சொல்லத்தானே வேண்டும். பிள்ளைக்குச் சொல்லவில்லை என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டாள். நான் அந்த இடத்தில் ஏதாவது பேசிச் சமாளித்திருக்கலாம். மடைச்சி மாதிரிக் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன்.

"செவ்வாய்க்கிழமை."

அனிற்றா மிர்த்தாவின் பக்கம் திரும்பி அந்த ஒரு சொல்லை ஸ்பானிஷில் சொன்னாள். பிறகு எழும்பித் தன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு மேலே போய்விட்டாள். நான் போனபோது அவள் நிலத்தில் இருந்து, கொப்பியின் உறையில் நான் எழுதியிருந்த விலாசத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன். என்ன செய்வதென்று தெரியாமல் கதவடியில் நின்றேன்.

மூன்றாம் நாள் பூசைக்குப் போனோம். பூசை முழுக்க ஸ்பானிஷ். பூசையின் ஒழுங்கு எங்கே போனாலும் ஒன்று என்பதால் நான் தமிழில் முணுமுணுத்துக்கொண்டே சேர்ந்துகொண்டேன். பக்கத்துப் பீடம் ஒன்றில் கியூபாக்காரரின் மாதா நின்றா. அவவின் காலடியில் ஒரு சின்ன வள்ளம், கொந்தளிக்கிற கடல், வள்ளத்துக்குள் மூன்று பேர். நாங்கள் பாசையூர்க் கடற்கரையில் பிறந்தவர்கள். அப்பா கடல்தொழிலுக்குப் போய்த் திரும்பப் பிந்தினால் மாதாவுக்கு முன்னால் முழங்காலில் இருந்தவர்கள். அந்த வள்ளத்துக்குள் இருந்த மூன்று பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அக்கா நேரே போய், தன் வழமையான இடம் போல அந்தப் பீடத்தின் இடப்பக்கத்தில் முழங்காலில் இருந்து மெழுகுதிரி கொளுத்தினாள். எழும்பும்போது நாலைந்து பெண்கள் வந்து அவள் கன்னத்தில் முத்தமிட்டார்கள். ஒருத்தி இளையவனை வாங்கிக்கொண்டாள். ரொறன்ரோவில் பதினாறு மாடி இறங்கினாலும் என் கன்னத்தில் யாரும் முத்தமிடுவதில்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும், முந்திய நாள் மத்தியானத்திலிருந்து என்னோடு பேசாத அனிற்றா பேசினாள்.

"ஊரைப் பற்றி எழுதச் சொன்னீர்கள்தானே. எழுதுவதற்கு முன் உங்களுக்குக் காட்டவேண்டும்."

கையில் என் பிறவுண் பேப்பர் கொப்பி ஒன்று இருந்தது. வானில் ஏறினோம். இறங்கவேண்டிய மூலையில் அவள் "எஸ்கினா!" என்று போட்ட சத்தத்தில் எனக்கு முன்னால் இருந்தவரின் தொப்பி விழுந்தது. நூலகத்தைக் காட்டினாள். தன் பள்ளிக்கூடத்தைக் காட்டினாள். வெதுப்பகம் ஒன்றில், முட்டைக்கோப்பை அளவு கிண்ணத்தில் என்னைக் கோப்பி வாங்கிக் குடிக்கச் செய்தாள். அதைக் குடித்த பிறகு பின்னேரம்வரை என் கை நடுங்கியது. கடைசியில் பாறையின் விளிம்பில் இருக்கிற மதிலடிக்குக் கூட்டிப்போனாள்.

கீழே ஆறு. எதிரே நியூயோர்க்கின் கட்டடங்கள் வரிசையாக நின்றன. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். அக்கரையில் பச்சை ஒன்றும் இல்லை, கண்ணாடிதான். ஆனாலும் வாய் பார்த்துக்கொண்டு நின்றேன். அனிற்றா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மதிலுக்கு முதுகைக் கொடுத்து இருந்து, தன் ஊரைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். இடையில் ஒருமுறை நிமிர்ந்து, ரொறன்ரோவில் ஆறு இருக்கிறதா என்று கேட்டாள்.

இருக்கிறது, டொன் ஆறு, எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம் என்றேன்.

அதற்கு அந்தப் பக்கம் என்ன ஊர் என்றாள்.

அந்தப் பக்கமும் ரொறன்ரோதான் என்றேன்.

அவள் சற்று யோசித்துவிட்டு, "பாவம் அந்த ஆறு" என்று சொல்லி மீண்டும் எழுதத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை காலை நான் எழும்பியபோது கொப்பி என் தேத்தண்ணீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்தது. அனிற்றா மிர்த்தாவோடு கடைக்குப் போய்விட்டாள். உறையில் நான் எழுதியிருந்த ரொறன்ரோ விலாசத்தை அடிமட்டம் வைத்து நேராக ஒரு கோடு போட்டு வெட்டியிருந்தாள். அதற்குக் கீழே தன் விலாசத்தை எழுதியிருந்தாள். பெயரை வெட்டவில்லை. நான் தமிழில் எழுதிய பெயர் அப்படியே இருந்தது. கொப்பியைத் தூக்கிக்கொண்டு மதிலடிக்குப் போய், தனியே இருந்து வாசித்தேன்.

"வணக்கம் பிள்ளைகளே. என் ஊரின் பெயர் வெஸ்ற் நியூயோர்க். அது நியூயோர்க்கில் இல்லை. வருகிற எல்லோரும் முதலில் இந்தப் பிழையை விடுவார்கள், நீங்கள் வெட்கப்படவேண்டாம்.

எங்கள் ஊர் மிகச் சின்னது. ஒரு முனையில் ஐஸ்கிரீம் வாங்கினால் மற்ற முனைக்குப் போக முன் முடிந்துவிடும். மெதுவாக நக்கினால் முடியாது. இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு பேர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பீர்கள். நாங்கள் வெளியே இருக்கிறோம்.

எங்கள் தெருவில் ரகசியம் வைக்க முடியாது. எனக்கு மட்டும் ஒரு ரகசியம் கடைசியாகத்தான் தெரிந்தது.

இங்கே எல்லோரும் வேறு எங்கோ இருந்து வந்தவர்கள். மிர்த்தா வள்ளத்தில் வந்தா. என் அப்பா கப்பலில் வந்தார். நான் எங்கேயிருந்தும் வரவில்லை. நான் இங்கேயே இருந்தேன். அதனால் ஊரைச் சுற்றிக் காட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். அம்மாவுக்குத் தபாற்கந்தோரில் நான்தான் பேசுவேன். மிர்த்தாவுக்கு டொக்டரிடம் நான்தான் பேசுவேன். நான் ஒரு நாள் காய்ச்சலில் கிடந்தால் இரண்டு வீட்டு வேலை நிற்கும்.

எங்கள் ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இங்கிருந்து நியூயோர்க் தெரியும் என்று எழுதுகிறார்கள். நியூயோர்க்கில் நின்றால் என்ன தெரியும் என்று ஒருவரும் எழுதவில்லை. நாங்கள் தெரிவோம். எங்கள் யன்னல் தெரியும். நான் ஒருமுறை அந்தக் கரைக்குப் போய் நின்று பார்த்தேன். எங்கள் யன்னலைக் கண்டுபிடித்தேன். அம்மா அதில் சிவப்புத் துவாயைக் காயப் போட்டிருந்தா.

நீங்கள் வந்தால் மணியை இரண்டு தரம் அடியுங்கள். ஒரு தரம் அடித்தால் தபால்காரர்.

ரொறன்ரோவில் என் சின்னம்மா வீட்டில் எனக்கு ஓர் அறை இருக்கிறது. அதை நான் இன்னும் பார்க்கவில்லை. பார்க்க விருப்பம். பார்த்துவிட்டு வருவேன்."

இரண்டு முறை வாசித்தேன். எனக்கு அந்தப் பிள்ளை வேண்டும். அந்த நேரத்திலும் வேண்டும். என் வீட்டு மேசையில் இருந்து இப்படி எழுதுகிற ஒரு பிள்ளைக்காக நான் எத்தனை வருடம் மாதாவைக் கேட்டிருக்கிறேன். அப்படியே பஸ்சில் ஏற்றிக்கொண்டு போயிருந்தால் இரண்டு மாதம் அழுவாள், பிறகு பழகிவிடுவாள். பிள்ளைகள் பழகிவிடுவார்கள். நாங்கள் எல்லோரும் பழகியவர்கள்தானே. ஆனால் ஊரை விட்டுவிட்டுப் போ என்று எனக்குச் சொன்னவர்களை நான் இன்றுவரை மன்னித்ததில்லை. அதே வேலையை, உறை போட்ட கொப்பியோடு வந்து, நான் இந்தப் பிள்ளைக்குச் செய்யப் பார்த்தேன்.

அனிற்றாவின் கட்டுரையைப் பிறகு தமிழாக்கி வகுப்பில் வாசித்தேன். புத்தகத்தில் முதல் பக்கமும் அதுதான். வாசித்து முடிய ஒரு பெட்டை, தானும் சென் ஜேம்ஸ் ரவுணைப் பற்றி எழுதலாமா, பழுதான லிஃப்ற்றைப் பற்றித் தனக்கு நிறையத் தெரியும் என்றாள். எழுது என்றேன். இரண்டு தகப்பன்மார் வந்து என்னோடு சண்டை பிடித்தார்கள். அது வேறு கதை.

அன்று மதிலடியிலிருந்து வீட்டுக்குத் திரும்பியபோது அக்கா இளையவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, மிர்த்தாவின் பெரிய பெட்டிக்குள் அனிற்றாவின் உடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் பிள்ளையைக் கொண்டுபோகேல்லை" என்றேன்.

அவள் திரும்பாமலே, "ஏன், உனக்குப் பாரமோ?" என்றாள்.

"பாரம் எண்டால் கட்டில் வாங்கியிருப்பனே?"

கொப்பியை நீட்டினேன். அக்கா ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள். சிவப்புத் துவாய் வந்த இடத்தில் நின்று, திரும்பவும் வாசித்தாள். பிறகு கட்டிலில் இருந்துவிட்டாள்.

"உவள் உப்பிடியே வளந்தால் நாளைக்கு என்ரை செத்தவீட்டில என்ன பாஷையில அழுவாள்?"

எனக்கும் அதே பயம் உண்டு, எனக்கென்று அழவும் ஒருவரும் இல்லை. நானும் கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"நேற்று அந்த மாதாவுக்கு முன்னால என்ன பாஷையில செபிச்சனி?" என்று கேட்டேன்.

"தமிழில."

"அவ கேட்டவதானே?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இளையவன் பெட்டிக்குள் ஏறி உடுப்புகளின் மேல் இருந்து விளையாடத் தொடங்கினான். அவனைத் தூக்குகிற சாட்டில் அக்கா உடுப்புகளையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். கிறிஸ்மஸ் லீவுக்கு அனுப்பு, இந்த முறை உண்மையாகவே லீவுக்கு என்றேன். சனிக்கிழமைகளில் வகுப்பு முடிய நான் ரெலிபோன் எடுத்து அவளோடு தமிழ் பேசுகிறேன் என்றும் சொன்னேன். அக்கா கடைசிச் சட்டையையும் வெளியே எடுத்துவிட்டுப் பெட்டியை மூடினாள்.

பிள்ளை எல்லை தாண்டுவதற்குத் தகப்பனின் சம்மதக் கடிதம் வேண்டும். அக்காவின் கணவர், என் அத்தான், அதில் கையெழுத்திட்டு ஏற்கனவே என்னிடம் தந்திருந்தார். அன்று பின்னேரம் அவர் வேலையால் வந்ததும் திருப்பிக் கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நான் போன நாளிலிருந்து அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை மிர்த்தா எனக்கென்று மரவள்ளி அவித்து அனுப்பியிருந்தா. சாப்பிட்டுவிட்டுத்தான் வெளிக்கிட்டேன். அனிற்றா என் பையைத் தூக்கிக்கொண்டு மூலைவரை வந்தாள். கன்னத்தில் முத்தம் தந்துவிட்டு, பைக்குள் ஒரு போத்தலைத் திணித்தாள். ஜிஞ்சர் ஏல். பிறகு, நான் அங்கே இருந்த நாட்களில் முதல்முறையாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தமிழில் சொன்னாள்.

"சின்னம்மா, இப்ப குடிக்காதேங்கோ. இண்டைக்கு நீங்கள் மரவள்ளி."

வானில் ஏறி இருந்து, ஆற்றுக்கடியில் போகும்வரை அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் கண்ணைத் துடைக்கத் தன் லேஞ்சியைத் தந்தாள். அந்தப் போத்தலை நான் கனடா எல்லை தாண்டும்வரை தொடவில்லை. சிரிக்கவேண்டாம், உங்களில் எத்தனை பேர் தொடுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

என் கணவருக்கு நான் ரெலிபோனில் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. ரொறன்ரோ பஸ் நிலையத்தில் சவரம் செய்து, கோயிலுக்குப் போகும் சேர்ட் போட்டுக்கொண்டு அவர் நின்றார். நான் இறங்கினேன். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, எனக்குப் பின்னால் பஸ் கதவைப் பார்த்தார். ஒரு கிழவர் இறங்கினார். இரண்டு மாணவர்கள் இறங்கினார்கள். சாரதி இறங்கிக் கதவைச் சாத்தினார். என் கணவர் இன்னும் கதவைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

"வரேல்லை" என்றேன்.

பையை வாங்கிக்கொண்டார். சுரங்க ரயிலில் கொப்பியை அவர் மடியில் வைத்தேன். பேக்கரி மா போகாத நகங்களோடு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். ஐஸ்கிரீம் வந்த இடத்தில் மெல்லச் சிரித்தார். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது. ஒரு தரிப்பு போய், இரண்டாவது தரிப்பும் போனது.

"அறையைப் பாக்க விருப்பமாம்" என்றார்.

"ஓம். கிறிஸ்மஸுக்கு வருவாள். பாத்திட்டுப் போயிடுவாள்."

கொப்பியை மூடினார். உறையில் கோடு போட்டு வெட்டியிருந்த எங்கள் விலாசத்தைப் பார்த்தார். பிறகு சேர்ட் பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அந்த இரண்டு ஸ்குறூ.

"எங்கையெண்டு நேற்றுத்தான் கண்டுபிடிச்சனான்" என்றார். "இண்டைக்குப் போய்ப் பூட்டிவிடுறன். நீர் கட்டிலைக் கழட்டச் சொல்லாதையும். பிள்ளை வந்து படுக்கேக்குள்ள ஆடக்கூடாது."